உறவு என்ற கட்டம்

மே 7, திங்கள்

குணநாதன் சேருக்கு இன்று தலைகால் தெரியவில்லை. யூலை இருபதாம் திகதி கொழும்பிலிருந்து ஒரு குழு வருகிறதாம். எங்கள் பதிவகத்தின் பட்டியலை அச்சடித்துக் கையில் கொடுக்க வேண்டுமாம். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் பெயர்களை ஐந்து வருடமாகச் சேர்த்துக்கொண்டிருக்கிறோம், ஒருத்தரும் கேட்டதில்லை. இப்போது கேட்டுவிட்டார்கள் என்றதும் சேர் புதுச் சேட் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

"தயாளினி, பட்டியலில ஒரு பேர் விடுபட்டாலும் அந்தத் தாய்க்கு நாங்கள் என்ன பதில் சொல்லுறது?"

நான் தலையாட்டினேன். பெயர்களைச் சேமிக்கிற இணையச் செயலியை எழுதியவள் நான்தான். சரியாக இருந்தால் பதிவகத்தின் சாதனை, பிழைத்தால் என்னுடைய பிழை. பதிவகம் என்று பெரிதாகச் சொல்கிறோம், மூன்றே பேர்தான்: பணிப்பாளராக அவர், கணினிக்கு நான், வருகிறவர்களிடம் விபரம் கேட்டுப் பதிய றெஜினா அக்கா. யாழ்ப்பாணத்தில் ஒரு புடவைக்கடைக்கு மேல் இரண்டு அறை.

நாளை அம்மாவுக்குக் கிளினிக். ஆறு மணிக்கே போய் இலக்கத் துண்டு எடுக்க வேண்டும்.

மே 9, புதன்

சாவகச்சேரியிலிருந்து யோகேஸ்வரி என்று ஒரு பெண் வந்திருந்தார். பட்டியல் கொடுக்கப்போவது பேப்பரில் வந்ததாம், தன் கணவரின் பெயர் இருக்கிறதா என்று பார்த்துப் போக வந்தார். பெயரை அடித்துத் தேடினேன். இல்லை. எழுத்தை மாற்றி மாற்றித் தேடினேன். இல்லை.

"மாமிதான் பதிஞ்சவ. நானும் கூட வந்தனான். இந்தக் கதிரையிலதான் இருந்தனாங்கள்" என்றார்.

மாமியார் எங்கே என்று கேட்டேன். தை மாதம் செத்துப்போனாராம்.

றெஜினா அக்கா நிமிர்ந்து பார்த்தார். "அந்த மனுசியின்ர பேரை நான்தான் எடுத்தனான்" என்றார்.

"ஏன் எடுத்தனீங்கள்?"

"முந்தி ஒருக்கா, ஒரு அம்மா செத்து எட்டாம் நாள், எட்டுச் சிலவண்டு அவவின்ர போனுக்குக் 'கூட்டத்துக்குத் தவறாமல் வரவும்' எண்டு எங்கட மெசேஜ் போயிட்டுது. மகள் எனக்குப் போன் எடுத்து விக்கி விக்கி அழுதவ. அதுக்குப் பிறகு, ஆரும் கண்ணை மூடினால் நான் உடன பேரை எடுத்துப்போடுவன்."

"அழி எண்ட பட்டனை அமத்தினனீங்களோ?"

"ஓம். வேற பட்டன் இல்லையே பிள்ளை."

உண்மை. வேறு பட்டன் நான் வைக்கவில்லை. யோகேஸ்வரியிடம், கணினியில் சின்னக் கோளாறு, பெயர் பத்திரமாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பினேன். படி இறங்கும்போது இரண்டு தரம் திரும்பிப் பார்த்தார்.

மே 10, வியாழன்

இதைச் சரியாக எழுதி வைக்க வேண்டும், பிறகு எனக்கே மறந்துவிடும்.

செயலிக்குள்ளே இரண்டு பட்டியல்கள். ஒன்றில் முறைப்பாட்டாளர்கள், மற்றதில் காணாமல் போனவர்கள். காணாமல் போன ஒவ்வொருவரும் ஒரேயொரு முறைப்பாட்டாளருக்குக் கீழே கட்டப்பட்டிருப்பார். கடதாசிப் படிவம் அப்படித்தான் இருந்தது, நானும் அப்படியே செய்தேன். செய்த காலத்தில் சோதித்துப் பார்க்கப் பொய்ப்பெயர்கள் போடுவேன். மேலே ஒருவரை அழித்தால் கீழே இருந்தவர் அந்தரத்தில் நின்று பிழை காட்டும். எரிச்சலில் ஒரு வரி எழுதினேன்: மேலே இருப்பவரை அழித்தால் கீழே இருப்பதெல்லாம் சேர்ந்து அழியட்டும். சோதனை முடிந்ததும் எடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

எடுக்கவில்லை. தாய் செத்தால் றெஜினா அக்கா மரியாதைக்குத் தாயின் பெயரை எடுப்பார். செயலி என் சொல் கேட்டு மகனையும் எடுத்துவிடும்.

அலுமாரியில் இருந்த படிவங்களை முழுக்க எடுத்துத் திரையோடு ஒப்பிட்டேன். படிவங்கள் நானூற்றுப் பன்னிரண்டு. திரையில் முந்நூற்று எண்பத்தொன்று. முப்பத்தொரு பேர் இல்லை. இதைக் கேள்விப்பட்டால் யாராவது கட்டாயம் 'இரண்டாந்தரமும் காணாமல் போய்விட்டார்கள்' என்று சொல்லுவார்கள். அந்த வசனத்தைக் கேட்க எனக்குப் பொறுமை இல்லை.

அம்மாவும் முறைப்பாட்டாளர்தான். இலக்கம் 112. அவருக்குக் கீழே என் அண்ணா; இது றெஜினா அக்காவுக்கு மட்டும் தெரியும், சேருக்குத் தெரியாது. நிமலன், பிறந்தது 1983, கடைசியாகக் கண்டது 2008 பெப்ரவரி, வேலைக்குப் போகும் வழியில். அம்மாவின் இருதயம் முப்பது வீதம்தான் வேலை செய்கிறது என்று செவ்வாய்க்கிழமை டொக்டர் சொன்னார்.

சேரிடம் இன்னும் சொல்லவில்லை.

மே 14, திங்கள்

சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும். 'இறந்த முறைப்பாட்டாளர்களை அழித்ததால் முப்பத்தொரு பதிவுகள் போய்விட்டன' என்றேன். யார் அழித்தது என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் றெஜினா அக்கா "நான்தான் சேர்" என்றார்.

சேர் கத்தினார். மேசையில் அடித்தார். "படிச்சுப் படிச்சுச் சொன்னனான், தெரியாட்டித் தயாளினியைக் கேளுங்கோ எண்டு! முப்பத்தொரு சீவன்!" அக்கா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அழி என்ற பட்டன் என்ன செய்யும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. சொல்லித்தந்திருக்க வேண்டியவள் அங்கேயே கதிரையில் இருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

வெட்கமாக இருக்கிறது.

மே 15, செவ்வாய்

அக்கா வழக்கம்போல எனக்கும் சேர்த்து இடியப்பமும் சொதியும் கொண்டுவந்தார். சாப்பிட்டேன்.

மே 21, திங்கள்

முழுவதையும் பிரித்துப் புதிதாகக் கட்டுகிறேன். இனி யாரும் யாருக்கும் கீழே இல்லை. ஆட்கள் ஒரு பட்டியலில், காணாமல் போனவர்கள் இன்னொன்றில். யார், யாரைக் கேட்கிறார், என்ன உறவு என்பதற்கு மட்டும் மூன்றாவதாக ஒரு பட்டியல், இருவரை இணைக்கும் கோடு மாதிரி. ஒருவருக்குத் தாயும் இருக்கலாம், மனைவியும் இருக்கலாம், நான்கு பிள்ளைகளும் இருக்கலாம். ஒருவர் செத்தால் அந்த ஒரு கோடு மட்டும் மூடும். மற்றது எதுவும் அசையாது.

சேருக்குத் திரையில் காட்டினேன். எல்லாம் பிடித்தது. ஒன்றைத் தவிர.

"ஒரு கோடும் இல்லாட்டி? எல்லாரும் செத்துப்போனால்?"

"பேர் இருக்கும் சேர். உறவினர் பூச்சியம் எண்டு காட்டும்."

"அது சரிவராது. உரித்தாளர் இல்லாத பேரை அவங்கள் கணக்கெடுக்க மாட்டாங்கள். ஒரு ஆளெண்டாலும் இருக்கோணும். இல்லாட்டிப் பதியாத மாதிரிச் செய்யும்."

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ தெரியாது. "கேக்க ஆள் இல்லாட்டி அந்தாள் காணாமல் போகேல்லையோ சேர்?" என்றேன். "பெத்தவள் செத்தது அவன்ர குற்றமோ? உயிரோட ஒரு ஆள் வந்து கையெழுத்து வைச்சால்தான் அவன் இருந்தவன் எண்டு அர்த்தமோ?"

சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, சரி பிள்ளை, உம்மட விருப்பப்படி செய்யும் என்றார். பின்னேரம் தாய்மார் கூட்டத்தில் நான் சொன்னதை அப்படியே எடுத்துச் சொன்னார். ஒரு அம்மா என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

நன்றாகத்தான் கதைத்தேன்.

மே 27, ஞாயிறு

சுதர்சன் கனடாவிலிருந்து போன் எடுத்தார். எங்களுக்குக் கலியாணம் முடிந்து பதினாலு மாதம், அதில் சேர்ந்து இருந்தது பத்தொன்பது நாள். என்னை அங்கே எடுப்பதற்கான ஸ்பொன்சர் படிவம் இப்போது அதிகாரி ஒருவரின் கையில் இருக்கிறதாம். எந்த நேரமும் நேர்முகத்துக்குக் கூப்பிடலாமாம்.

"உந்த வேலையிடத்துப் பட்டியல் ஒண்டிலயும் உம்மட பேர் வராமல் பாத்துக்கொள்ளும். இப்ப எல்லாத்தையும் இன்ரநெற்றில தட்டிப் பாக்கிறாங்கள். சகோதரர் பகுதியில நாங்கள் போட்டதும் உந்தப் பட்டியல்ல வாறதும் மாறினால் முடிஞ்சுது, திருப்பி அனுப்பிப்போடுவாங்கள்."

போட்டது போட்டபடியே இருக்கிறது என்றேன். பனி விட்டுவிட்டதா என்று கேட்டேன். விட்டுவிட்டதாம், துலிப் பூத்திருக்கிறதாம்.

அம்மாவின் கால் இன்று அதிகமாக வீங்கியிருக்கிறது. உப்பில்லாமல் கஞ்சி வைத்தேன். வாயில் வைக்க முடியவில்லை என்று ஏசினார்.

யூன் 4, திங்கள்

முப்பத்தொரு பேரையும் திரும்பப் பதிந்துவிட்டோம். யோகேஸ்வரிக்கு அக்காவே போன் எடுத்துச் சொன்னார். இப்போது ஒவ்வொரு வீட்டுக்கும் எடுத்து, வேறு யார் உறவென்று வரப்போகிறீர்கள் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். நான் உறவு என்ற கட்டத்துக்குப் பதினொரு தெரிவுகள் வைத்திருந்தேன்: தாய், தந்தை, மனைவி, இப்படி. அக்கா பத்து நிமிடத்துக்கு ஒருதரம் கூப்பிடுகிறார்.

"பிள்ளை, பெரியம்மாவின்ர மகன் இல்லை."

சேர்த்தேன்.

"ஒண்டாப் படிச்சவர்?"

சேர்த்தேன்.

"இஞ்ச ஒரு ஐயா நிக்கிறார். வேலிச் சண்டைக்காரர் எண்டு போடட்டாம். பதினாலு வருசமாக் கோர்ட்டில வழக்காம், வழக்குப் போட்டவன் வராமல் தான் ஆரோட சண்டை பிடிக்கிறது எண்டு கேக்கிறார்."

சிரித்துவிட்டேன். அந்த ஐயா சிரிக்கவில்லை. தெரிவுகளை எல்லாம் தூக்கிவிட்டு, விரும்பியதை எழுதும்படி கட்டத்தைத் திறந்துவிட்டேன். அவர் கையால் எழுதிக் கொடுத்ததை அக்கா ஒரு எழுத்து மாற்றாமல் பதிந்தார்.

மதியம் அக்கா மெல்லக் கேட்டார். "அம்மாவின்ர 112இல உங்கட பேரையும் போட்டுவிடட்டே?"

"நானே போடுறன் அக்கா. பிறகு."

யூன் 8, வெள்ளி

அம்மாவை நேற்று வீட்டுக்கு விடாமல் வார்ட்டில் மறித்துவிட்டார்கள். மூச்செடுக்கக் கஷ்டம். பின்னேரம் அக்காவும் என்னோடு வந்தார், தோடம்பழம் கொண்டுவந்தார். அம்மா ஒட்சிசன் முகமூடியைக் கழற்றிவிட்டு என்னிடம் கேட்டார்.

"நீ அவன்ர இதில உன்ர பேரைப் போட்டிட்டியே?"

"போட்டிட்டன் அம்மா."

"எனக்குப் பிறகு அவனைக் கேக்க ஆள் வேணுமெல்லோ."

"போட்டாச்சு எண்டு சொல்லுறனெல்லோ. கதைக்காமல் படுங்கோ."

அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் போத்தலில் தண்ணீர் பிடித்து வரப் போனேன். வரிசை நீளமாக இருந்தது. திரும்பி வந்தபோது அக்கா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தார்.

யூன் 12, செவ்வாய்

அம்மா. காலை ஆறே காலுக்கு.

யூன் 25, திங்கள்

வேலைக்குப் போனேன். வீட்டில் இருந்தால் கட்டிலையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

அக்கா சொன்னார்: "அம்மாவின்ர பதிவில நான் கை வைக்கேல்லை. நீங்களே செய்யுங்கோ."

112ஐத் திறந்தேன். இறந்த திகதியைப் போட்டேன். அம்மாவின் கோடு மூடியது. குறுஞ்செய்திப் பட்டியலிலிருந்து இலக்கம் தானாகவே விலகியது. அண்ணாவின் பெயர் அப்படியே நின்றது. கீழே, உறவினர்: 0. செயலி ஒரு எச்சரிக்கையும் காட்டவில்லை. நான் எழுதியபடி ஒழுங்காக வேலை செய்தது.

பக்கத்திலேயே 'உறவைச் சேர்' என்ற பட்டன் இருக்கிறது. என் பெயரை அடித்தேன். உறவு என்ற கட்டத்துக்கு வந்து நின்றேன். பிறகு அந்தப் பக்கத்தை மூடிவிட்டேன்.

எழுதிவிடுகிறேன். ஸ்பொன்சர் படிவத்தில் சகோதரர்கள் என்று ஒரு பகுதி. 'இல்லை' என்று போட்டேன். அண்ணா காணாமல் போனதைப் போட்டால் கேள்விமேல் கேள்வி வரும், விசா இழுபடும் என்று சுதர்சன் சொன்னார், ஏஜென்ற் சொன்னான், எல்லாம் சரிதான். பேனை என் கையில்தான் இருந்தது. மேலே வந்த கேள்வியையும் இரண்டு தரம் வாசித்தேன்: உயிருடன் இருப்பவர்களையும் இறந்தவர்களையும் குறிப்பிடவும். அண்ணா இரண்டிலும் சேராதவன் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். கெட்டித்தனமான நியாயம். அந்த வேளையில் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

உறவினர் ஒருவரும் இல்லாமலும் ஒரு பெயர் நிற்கலாம் என்று சேரோடு நான் சண்டை பிடித்தது யாருக்காக என்று அந்தத் தாய்மாருக்குத் தெரியாது. ஒரு அம்மா கையைப் பிடித்துக் கண்ணிலும் ஒற்றிக்கொண்டார்.

யூலை 12, வியாழன்

அம்மாவின் முப்பத்தோராம் நாள், அந்தியேட்டி. கீரிமலையில் சரியான வெயில். கிரியை செய்தது சித்தப்பாவின் மகன். ஐயர் "ஆம்பிளைப் பிள்ளை இல்லையோ?" என்று கேட்டார். சித்தப்பாவின் மகன் என்னைப் பார்த்தான். நான் கடலைப் பார்த்தேன். "இருக்கிறார் ஐயா, வர வசதியில்லை" என்று அவனே சொன்னான்.

யூலை 16, திங்கள்

சேர் ஒரு புதுத் தேடல் எழுதச் சொன்னார். உறவினர் எண்ணிக்கை பூச்சியமாக உள்ள பெயர்களை மட்டும் எடுத்துத் தர வேண்டும். எழுதுவதற்கு மூன்று நிமிடம் போதும். அரை மணித்தியாலம் எடுத்தேன். ஒன்பது பெயர்கள் வந்தன. ஐந்தாவது அண்ணா.

சேர் பெயர்களை வாசிக்கவில்லை, எண்ணினார். "ஒன்பது. இதைக் கடைசிப் பக்கத்தில தனியாப் போடுங்கோ. தலைப்பு: கேட்பதற்கு எவரும் இல்லாதோர். அந்தக் குழுவின்ர நெஞ்சைத் தொடப்போறது இந்தப் பக்கம்தான் தயாளினி. இது உம்மட யோசனை. நான் மேடையில உம்மட பேரைச் சொல்லுவன்."

வேண்டாம் சேர் என்றேன். என்ன அடக்கம் என்று சிரித்தார்.

வெள்ளிக்கிழமை ஒவ்வொரு பெயராக வாசிப்பார்களாம். வாசிக்கும்போது அவரவர் உறவினர் எழுந்து நிற்க வேண்டுமாம். அந்த ஒன்பதுக்கும் மண்டபமே எழுந்து நிற்குமாம். நானும் அவர்களோடு சேர்ந்து நிற்க வேண்டும்.

அச்சகத்துக்கு வியாழன் பின்னேரம் கொடுக்க வேண்டும். அதுவரை அண்ணாவின் உறவு என்ற கட்டம் திறந்துதான் இருக்கும்.

யூலை 17, செவ்வாய்

போடவில்லை.

யூலை 18, புதன்

இல்லை. அரை நாள் லீவு போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

யூலை 19, வியாழன்

அச்சகத்துக்கு அனுப்பக் கடைசித் தடவையாகத் தேடலை ஓட்டினேன். எட்டுப் பெயர்கள். அண்ணா இல்லை.

பழைய வரி எங்கோ மிச்சமிருந்து, அம்மாவோடு சேர்த்து அவனையும் அழித்துவிட்டதென்றே நினைத்தேன். முழுப் பட்டியலில் தேடினேன். இருந்தான். உறவினர்: 1. திறந்தேன். மேரி றெஜினா. உறவு: சகோதரி. பதிந்தது நேற்றுப் பின்னேரம் நான்கு பத்துக்கு.

சேர் வெளியே போயிருந்தார்.

"அக்கா, 112இல என்ன செய்திருக்கிறியள்?"

"பாத்திட்டீங்களே" என்றார். சேலைத் தலைப்பால் மேசையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "இண்டைக்குத்தானே அச்சடிக்கக் குடுக்கிறது. எவரும் இல்லாதோர் எண்டு அந்தப் பிள்ளையின்ர பேரை வாசிக்க எனக்குக் கேக்க ஏலாது. பொய்தான். பாவமெண்டால் நான் கோயில்ல சொல்லிக்கொள்ளுறன்."

"என்னட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமெல்லோ" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. யார்மேல் கோபம் என்று எனக்கே தெரியவில்லை.

அக்கா துடைப்பதை நிறுத்தினார். "அம்மாதான் கேக்க வேண்டாம் எண்டவ."

"அம்மாவோ?"

"நீங்கள் தண்ணி எடுக்கப் போன நேரம். 'இவள் பேரைப் போடேல்லை றெஜினா, முகத்தைப் பாக்கத் தெரியுது. அவளுக்குப் புருசனிட்டப் போக வேணும், போகட்டும். நீ திரும்பத் திரும்ப அவளைக் கேட்டுப் பொய் சொல்ல வைக்காதை. முடிஞ்சால் நீ அவனைப் பாத்துக்கொள்' எண்டு சொன்னவ."

நான் கழிப்பறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. வெளியே வந்தபோது அக்கா தேத்தண்ணி ஊற்றி வைத்திருந்தார். அந்தப் பதிவை அழிக்க எனக்கு அதிகாரம் இருக்கிறது. அதன் கீழே என் பெயரைச் சேர்க்கவும் இருக்கிறது. நாலரைக்குக் கோப்பை இருந்தபடியே அச்சகத்துக்கு அனுப்பினேன்.

யூலை 20, வெள்ளி

நானூற்றுப் பன்னிரண்டு பெயர்கள். ஒன்றேமுக்கால் மணித்தியாலம். சேர் வாசிக்க வாசிக்க, நான் ஒவ்வொரு பெயரையும் படத்தோடு திரையில் போட்டேன். பெயருக்குப் பெயர் ஆட்கள் எழுந்தார்கள். யோகேஸ்வரி எழுந்தார். வேலிச் சண்டைக்கார ஐயா ஊன்றுகோலோடு எழுந்து, அடுத்த மூன்று பெயருக்கும் இருக்காமல் நின்றார்.

112 வந்தது. அண்ணாவின் படம், அடையாள அட்டைக்கு எடுத்தது, காது இரண்டும் நீட்டிக்கொண்டு. சேர் பெயரை வாசித்தார். என் கதிரையில் நான் இருந்தேன். நாலாவது வரிசையில் றெஜினா அக்கா எழுந்து நின்றார், கையிரண்டையும் முன்னால் கட்டிக்கொண்டு, கோயிலில் நிற்கிற மாதிரி.

கடைசிப் பக்கத்து எட்டுக்கும் மண்டபம் எழுந்து நின்றது. அதற்கு நானும் எழுந்தேன்.

முடிந்ததும் குழுவில் வந்த ஒரு அம்மையார் திரைக்குப் பக்கத்தில் வந்தார். நல்ல தமிழ். செயலியைப் பற்றி நிறையக் கேட்டார். உறவுகளைத் தனியாகப் பிரித்து வைத்தது மிக நல்ல யோசனை என்றார். வயர்களைச் சுற்றிக்கொண்டு நின்ற அக்காவைப் பார்த்து, "உங்கட தம்பியோ? படத்தில பாத்தன், சின்ன வயசு" என்றார்.

"ஓம்" என்றார் அக்கா.

பிறகு அம்மையார் என்னிடம் திரும்பினார். "உங்கட குடும்பத்திலயும் ஆரும்?"

"இல்லை" என்றேன்.

"நல்ல காலம்" என்று தோளில் தட்டிவிட்டுப் போனார். அக்கா குனிந்து வயரைச் சுற்றிக்கொண்டே இருந்தார்.